ஒற்றைக் கண்ணில் காஞ்சி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே கால்.
எழும்பூர் நான்காம் நடைமேடையோரம்
நீராவி எஞ்சின் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.
"யானை!" என்றான் ஒரு பையன்.
எனக்கு லாரிதான் கண்ணில் பட்டது.
பன்னிரண்டாயிரம் லிட்டர்,
பின்பக்கம் ஒழுகும் வால்வு,
பதிவெண் எனக்கு மனப்பாடம். எங்கள் டிப்போ வண்டி.

குடிநீர் வாரியப் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருடம்.
தண்ணீரைக் குடமாகத்தான் எண்ண வரும்.
குடம் பதினைந்து லிட்டர் என்றால் எண்ணூறு குடம்.
"லீவு நாள்லயுமா?" என்றாள் ஜெயசுதா,
கிச்சடி டப்பா மடியில்.
எண்ணுவதை விட்டேன்.

விசில் ஊதியதும்
பாலத்து மேல் ஆட்டோக்கள் பதிலுக்கு ஹாரன் அடித்தன.
சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம்.
தினமும் எனக்கு முதுகு காட்டும் ஊர்
இன்று மாடி மாடியாக வந்து நின்றது.
கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை
அவசரமாக உருவிய ஒருத்தி
உருவிய கையாலேயே டாட்டா காட்டினாள்.
மாம்பலத்தில் தாம்பரம் லோக்கல் எங்களை முந்தியது.
வாசலில் தொங்கியவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள்,
நாங்கள் அவர்களை.
யார் வேடிக்கைப் பொருள் என்று தீருமுன்
அவர்கள் போய்விட்டார்கள், வேலைக்கு.

சைதாப்பேட்டை தாண்டி
அடையாற்றுப் பாலத்தில் தலையை நீட்டினேன்.
விழுந்தது.

கரி. கடுகில் கால்வாசி.
"கசக்காதீங்க!" பெட்டி முழுக்க ஒரே குரல்.
ஊதினார்கள். பாட்டில் தண்ணீரை ஊற்றினார்கள்
(அரை லிட்டர். எண்ணவில்லை என்று சொல்லமாட்டேன்).
எதிர் சீட்டு மெஹருன்னிசா டாக்டராம்.
இமையை மடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு
"ஒண்ணும் தெரியல. நான் பல் டாக்டர்" என்றார்.

பரனூர் பக்கம் ஒரு சிறுமி கண்டுபிடித்தாள்:
கடைசிப் பெட்டிக்குப் பின்னால்
ஒரு டீசல் எஞ்சின்
கமுக்கமாகத் தள்ளிக்கொண்டு வருகிறது.
"அப்போ புகையெல்லாம் பொய்யா?"
"பொய் இல்லம்மா, துணை" என்றார் கார்டு.
அவள் நம்பவில்லை.
மீதி வழி முழுக்கப் பின்பக்கமே பார்த்து வந்தாள்.

காஞ்சிபுரத்தில் மூன்று மணி நேரம்.
கைலாசநாதர் கோயில் மணற்கல் சிங்கங்களுக்கு
முகம் பாதி கரைந்திருந்தது, எனக்குப் பார்வை பாதி.
கைடு பல்லவர் காலத்தில் இருந்தார்.
"எப்படி இருக்கு?" என்றாள் ஜெயசுதா.
"ஆழமே தெரியல. சிலையும் சுவரும் ஒண்ணாத்தான் இருக்கு."
"நான் கண்ணைக் கேட்டேன்."

மந்தாரை இலையில் இட்லி, சுக்கு மணக்க.
அதற்குக் கண் வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்து இறங்கும்போது
ஃபயர்மேன் எபனேசரிடம் கண்ணைக் காட்டினேன்.
சிரித்தார். முகத்தில் பல் மட்டும் வெள்ளை.
"எனக்குள்ள ஒரு மூட்டை கிடக்கும் சார்.
உங்களுது தானா இறங்கும்."

திங்கள் பத்து மணி பத்து நிமிடம்.
கவுண்டருக்கு முன்னால் ஸ்டெல்லா, புதுப்பேட்டை.
நேற்று காலை ஆறு மணிக்கு வரவேண்டிய லாரி வரவில்லை.
நாற்பது வீடு. வீட்டுக்கு இருபது குடம்.
குடங்கள் இன்னும் தெருவில் வரிசையாக நிற்கின்றன,
ஆட்கள்தான் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
"எங்க சார் போச்சு எங்க வண்டி?"

பெருக்கிப் பார்த்தேன்.
பதிவேட்டின் மேல் குனிந்தேன்.
இடது கண் நிறைந்து, வழிந்து,
அவள் முகவரி மேல் ஒரு சொட்டு விழுந்தது.
சொட்டின் நடுவில் கறுப்பாக, அது.

அவள் குரல் இறங்கிவிட்டது.
"ஐயோ, அழாதீங்க சார்.
மதியத்துக்குள்ள வந்தாக்கூடப் போதும்."

பத்தொன்பது வருடத்தில்
ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.
கரி என்று சொல்ல வாயெடுத்தேன்.
கரியைச் சொன்னால் ரயிலைச் சொல்லவேண்டும்.
ரயிலைச் சொன்னால் லாரியை.

இரண்டு கண்ணும் இப்போது நன்றாகத் தெரிந்தன.
அவளைப் பார்க்காமல்
டிப்போவுக்கு போன் போட்டேன்.